இதய வால்வு மாத்தினதுக்கு அப்புறம் வீட்ல முதல் மூணு மாசம்: என் அனுபவம்

வால்வு ஆபரேஷன் பத்தி நெட்ல தேடினா ஆபரேஷன் எப்படி பண்ணுவாங்க, என்ன செலவு ஆகும், எந்த வால்வு நல்லது, இதெல்லாம் நிறைய வருது. ஆனா டிஸ்சார்ஜ் ஆகி வீட்டு வாசப்படி ஏறினதுக்கு அப்புறம் எப்படிப் படுக்கணும், எப்படி எந்திரிக்கணும், எதைத் தூக்கலாம், என்ன சாப்பிடலாம்னு நம்ம ஊரு வீட்டை மனசுல வச்சு தமிழ்ல எழுதினது எனக்குக் கிடைக்கல, அதுவும் பொம்பளைங்களுக்குன்னு யாருமே எழுதல. அதான் எழுதுறேன். நீளமா போகும், பொறுமையா படிங்க. ஆபரேஷன் ஆனவங்களைப் பாத்துக்கப் போறவங்க கண்டிப்பா படிங்க, ஏன்னா பாதி விஷயம் அவங்க கையிலதான் இருக்கு.

எனக்கு சின்ன வயசுல அடிக்கடி தொண்டை வலி வரும். ஒரு தடவை காய்ச்சலோட முட்டி, கணுக்கால், மணிக்கட்டுன்னு வலி இடம் மாறி மாறி வந்துச்சு, கொஞ்ச நாள்ல சரியாயிடுச்சுன்னு எல்லாரும் மறந்துட்டாங்க. அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில வர்ற ஒரு வகை பாக்டீரியாவை எதிர்த்து உடம்பு சண்டை போடும்போது நம்ம இதய வால்வையும் சேத்துத் தாக்கிடுது, அந்தப் பாதிப்பு பல வருஷம் கழிச்சுத்தான் வெளிய தெரியும். எனக்கு ரெண்டாவது பையன் வயித்துல இருக்கும்போது ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குச்சு, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தா, இதயத்தோட இடது பக்கம் இருக்கற மைட்ரல் வால்வு சுருங்கிருக்குன்னு சொன்னாங்க. பலூன் வச்சு விரிச்சு விட்டாங்க, அது ரொம்ப வருஷம் தாங்குச்சு. மறுபடி சுருங்கி, கசிவும் சேந்துக்கிட்டதும் இனிமே மாத்தறது ஒண்ணுதான் வழின்னுட்டாங்க. முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டுலதான் சென்னையில ஆபரேஷன் நடந்துச்சு.

எனக்கு வச்சது சித்ரா வால்வு. திருவனந்தபுரத்துல ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்ல டாக்டர் வலியத்தான் தலைமையில நம்ம நாட்லயே உருவாக்கினது, 1990 டிசம்பர்லதான் முதல் தடவையா ஒரு நோயாளிக்கு வச்சிருக்காங்க. வெளிநாட்டு வால்வு வாங்க வசதி இல்லாத என்னை மாதிரி எத்தனையோ பேரு இன்னைக்கு உயிரோட நடமாடுறதுக்கு அதுதான் காரணம், அந்த நன்றி எனக்கு எப்பவும் இருக்கு. மாட்டோட இல்லன்னா பன்னியோட திசுவுல செய்யற வால்வும் இருக்கு, ஆனா அது சின்ன வயசுக்காரங்களுக்கு சீக்கிரம் தேஞ்சு போயிடும், மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வரும்னு எனக்கு மெக்கானிக்கல், அதாவது சித்ரா மாதிரி உலோகத்துலயும் பிளாஸ்டிக்லயும் செஞ்ச வால்வு வச்சாங்க. மெக்கானிக்கல்னா ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை போடணும். இதுலதான் விஷயமே இருக்கு. வீட்ல எல்லாரும் நெஞ்சுல இருக்கற தையலையேதான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. தையல் ஆறிடும், எலும்பு சேந்துடும், அது மூணு மாசம். மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் கடைசி வரைக்கும். உங்க கவனத்துல பெரும்பங்கு அங்க இருக்கணும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா ஊருக்கு ஓடி வந்துடாதீங்க. எங்க ஊரு லால்குடி பக்கம், சென்னையில இருந்து கார்ல ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதனால ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து முதல் ரெவ்யூ முடியற வரைக்கும் தங்கினோம். செலவுதான், ஆனா அந்த சமயத்துலதான் மாத்திரை அளவு பிடிபடாம ஏறி இறங்கும், அடிக்கடி ரத்தம் குடுக்கணும், புண்ணுல ஏதாவது கசிஞ்சாலும் ஓடிப்போய்க் காட்டிடலாம். பக்கத்து பெட்ல இருந்த ஒரு அண்ணனுக்கு டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரத்துல மூச்சுத் திணறலும் தலைச்சுத்தலும் வந்து, பாத்தா இதயத்தைச் சுத்தி நீர் கட்டியிருந்துச்சு, உடனே வடிச்சு காப்பாத்தினாங்க. அவரும் பக்கத்துல ரூம் எடுத்திருந்ததாலதான் நேரத்துக்கு வர முடிஞ்சுது. ஊருக்கு வரும்போது கார்ல பின் சீட்ல உக்காந்து, நெஞ்சுக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவுல ஒரு சின்ன தலகாணி வச்சுக்கிட்டேன், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கி நாலு எட்டு நடந்தேன்.

இப்ப எலும்பு விஷயம். நடு நெஞ்செலும்பை ரெண்டா அறுத்துத்தான் உள்ள போறாங்க, வெளிய வரும்போது ஸ்டீல் கம்பியால கட்டிடறாங்க. கை ஒடிஞ்சா மாவுக்கட்டு போட்டு அசையாம வைக்கலாம், நெஞ்சுக்கு அப்படிப் போட முடியாது, மூச்சு விட்டுக்கிட்டேதான இருக்கணும். அதனால நம்மதான் அதுக்கு மாவுக்கட்டு. எலும்பு ஓரளவு சேர ஆறுல இருந்து எட்டு வாரம், நல்லா கெட்டியாக மூணு மாசம் வரைக்கும் ஆகும்னு சொன்னாங்க.

முதல்ல கட்டில். பாய்ல படுக்கறவங்களா இருந்தா அந்த மூணு மாசத்துக்குப் பாயை மறந்துடுங்க, தரையில இருந்து கையை ஊனாம எந்திரிக்கவே முடியாது. கட்டில்லயும் நேரா எந்திரிக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, தலகாணியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, தோளும் இடுப்பும் ஒண்ணா ஒருக்களிச்சுத் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளிய தொங்க விட்டா அந்தக் கனத்துலயே உடம்பு மேல வந்துடும். வீட்ல இருக்கறவங்க பாசத்துல கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்குவாங்க, அதுவும் அக்குள்ல கையைக் குடுத்துத் தூக்குவாங்க, அதைக் கண்டிப்பா பண்ண விடாதீங்க, முதுகுக்குப் பின்னாடி கை வச்சு லேசா தாங்கினா போதும். இருமல் தும்மல் வந்தா உடனே தலகாணியை நெஞ்சுல இறுக்கி அணைச்சுக்கணும். நான் சின்னதா, கெட்டியா ஒண்ணு தைச்சு வச்சிருந்தேன், எங்க போனாலும் கையில அது இருக்கும்.

டாய்லெட் அடுத்தது. எங்க வீட்ல இந்தியன் டாய்லெட்தான், குத்த வச்சு எந்திரிக்கறது அப்ப முடியாத காரியம். நடுவுல ஓட்டை வச்ச கமோட் நாற்காலி ஒண்ணு சர்ஜிகல் கடையில கிடைக்கும், அதை முன்னாடியே வாங்கி வச்சுடுங்க. மலச்சிக்கல் கண்டிப்பா வரும், வலி மாத்திரை, அயர்ன் மாத்திரை எல்லாம் சேந்து இறுக்கிடும், முக்கவே கூடாது, டாக்டர்கிட்ட கேட்டு சிரப் வாங்கிக்கோங்க. கேக்க வெக்கப்படாதீங்க.

எடை தூக்கறதுல தோராயமா மூணு நாலு கிலோவுக்கு மேல கூடாதுன்னாங்க. அது எவ்வளவுன்னு நம்ம சமையக்கட்டுல வச்சுப் பாருங்க. ஒரு குடம் தண்ணி பன்னண்டு பதினஞ்சு கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டர்ல வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேத்தா முப்பது கிலோ கிட்ட வரும். மாவு வழிக்காத கிரைண்டர் கல்லு, ஊற வச்ச பெட்ஷீட் பக்கெட், ஓடி வந்து இடுப்புல ஏறிக்கற பேரப்புள்ள, எல்லாமே அளவுக்கு மேலதான். சப்பாத்தி தேய்க்கறது, தேங்கா துருவறது, துணி பிழியறது, வீடு பெருக்கறது, கனமான இரும்பு கேட்டைத் தள்றது, இதெல்லாம் கனமே இல்லாத மாதிரி தெரியும், ஆனா அவ்வளவும் நெஞ்சு எலும்பை இழுக்கற வேலை. பீன்ஸ் நறுக்கலாம், பூண்டு உரிக்கலாம், உக்காந்து துணி மடிக்கலாம். அசையும்போது நெஞ்சுக்குள்ள கடக் கடக்னு எலும்பு உரசற மாதிரி இருந்தா, இல்ல புண்ணுல சிவப்பா வீங்கி சீழ் மாதிரி வந்தா, காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பொம்பளைங்களுக்குன்னு சிலது. நான் டெய்லர், அதனால இது முதல் நாளே உறைச்சுது. நம்ம ஜாக்கெட்ல ஊக்கு வர்ற இடம் இருக்கே, சரியா அந்தத் தழும்பு மேலதான் வருது! நைட்டி போட்டாலும் ஜிப் அங்கதான். நான் பழைய காட்டன் வேட்டியைக் கிழிச்சு, ரெண்டு மடிப்பா மடிச்சு, ஊக்குப் பட்டிக்கு உள்பக்கம் கழுத்துல இருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டி குடுத்து தைக்கச் சொன்னேன், என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணு தச்சுக் குடுத்தா. அதுக்கப்புறம் உரசல் இல்ல. உள்ளாடை போடாம விட்டா புண்ணு ஆறும்னு நிறைய பேரு சொல்வாங்க, அப்படி இல்ல, மார்பு கனம் ரெண்டு பக்கமும் தையலை இழுத்து அதுதான் அதிகமா வலிக்கும். கம்பி இல்லாத, முன்பக்கம் ஊக்கு வச்ச, மெத்துனு இருக்கற காட்டன் பிரா போட்டுக்கிட்டா வலி பாதியா குறையும். தாலிச் சங்கிலி கனமா இருந்தா அதுவும் தழும்பு மேலயே ஆடிக்கிட்டு இருக்கும். எங்க அத்தையே மஞ்சக் கயித்துல, தையலுக்கு மேல நிக்கற மாதிரி நீளத்தைக் குறைச்சுக் கட்டிக்கச் சொன்னாங்க. தலை பின்ன கையைத் தூக்கறது கஷ்டம், யாராவது பின்னி விடட்டும். தையல்ல மஞ்சள், தேங்காண்ணெய், விபூதி எதையும் போட விடாதீங்க. சோப்புத் தண்ணி மெதுவா வழிய விட்டு, சுத்தமான துணியால ஒத்தி எடுத்தா போதும்.

ஆஸ்பத்திரில குடுத்த மூணு பந்து வச்ச மூச்சுப் பயிற்சிக் கருவியை வீட்டுக்கு வந்ததும் பீரோ மேல தூக்கி வச்சுடுவாங்க நிறைய பேரு. அதை விடாதீங்க. வலிக்கு பயந்து மேலோட்டமா மூச்சு விட்டு விட்டே நுரையீரல் அடியில சளி கட்டி நிமோனியா ஆயிடும். முழிச்சிருக்கற நேரத்துல மணிக்கு ஒரு தடவை பத்து இழுப்பு. நடையும் அப்படித்தான். முதல்ல அஞ்சு நிமிஷம் நடுக்கூடத்துல, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி அரை மணி நேரம் வரைக்கும். நடக்கும்போது பேச முடியணும், பேச முடியாம மூச்சு வாங்கினா வேகம் அதிகம்னு அர்த்தம்.

தண்ணி, உப்பு. எனக்கு ஒரு நாளைக்கு ஒண்ணரை லிட்டர்தான்னு சொல்லிட்டாங்க (உங்களுக்கு வேற அளவா இருக்கலாம், உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு). அந்த ஒண்ணரை லிட்டர்ல காபி, மோர், ரசம், கஞ்சி, இளநீர் எல்லாம் அடக்கம், இதை வீட்ல புரிய வைக்கறது பெரிய பாடு. பழசு ஒரு ஒண்ணரை லிட்டர் பாட்டில் எடுத்து, எது குடிச்சாலும் அதே அளவு தண்ணியை அந்த பாட்டில்ல இருந்து கொட்டிடுவோம், பாட்டில் காலியானா அன்னைக்குக் கோட்டா முடிஞ்சுது. ஊறுகா, அப்பளம், கருவாடு, வத்தல் நாலும் வேண்டாம். தினமும் காலைல ஒண்ணுக்குப் போயிட்டு வந்ததும், சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பாத்து எழுதணும். ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்ல, உடம்புல நீர் தங்குது, காலும் வீங்கும், படுத்தா மூச்சு முட்டும், உடனே போன் பண்ணணும். உப்பைக் குறைக்கறேன்னு கடைகள்ல விக்கற சோடியம் குறைச்ச உப்பை வாங்காதீங்க, அதுல பொட்டாசியம் இருக்கு, நம்ம சாப்பிடற சில மாத்திரையோட சேந்தா ஆபத்து.

மனசு பத்தி சொல்லியே ஆகணும். வீட்டுக்கு வந்த முதல் சில வாரம் காரணமே இல்லாம அழுகை வரும். பையன் ஸ்கூல் விட்டு வந்து பக்கத்துல உக்காந்தா அழுகை, டிவில யாருக்காவது கல்யாணம் நடந்தா அழுகை. தூக்கம் வராது, வந்தா பயங்கரக் கனவு. சாப்பாடு வாயில இரும்பு மாதிரி கசக்கும். அடுப்புல பால் வச்சதே ஞாபகம் இருக்காது. என் வீட்டுக்காரர் பயந்து போயி ரெவ்யூல டாக்டர்கிட்ட கேட்டாரு, இதய ஆபரேஷன் ஆன நிறைய பேருக்கு இப்படி ஆகும், வாரங்கள்ல சரியாயிடும், ஒரு மாசத்துக்கு மேலயும் குறையாம, வாழவே பிடிக்கலன்னு தோணினா மறைக்காம சொல்லணும், அதுக்கும் மருந்து இருக்குன்னு சொன்னாரு. வீட்ல இருக்கறவங்களுக்கு நான் சொல்றது, "இவ்வளவு செலவு பண்ணி காப்பாத்தியாச்சு, இன்னும் எதுக்கு அழுகை"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க.

அப்புறம் சத்தம். ராத்திரி ஊரு அடங்கினதும் நெஞ்சுக்குள்ள டிக், டிக்னு மெல்லிசா கேக்கும். இடது பக்கம் ஒருக்களிச்சா இன்னும் நல்லா கேக்கும். முதல்ல தூக்கமே போச்சு, போகப் போக பழகிடுச்சு. ஆனா அந்தச் சத்தத்தைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க. தினமும் கேட்ட சத்தம் திடீர்னு மங்கினாலோ, நின்னாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, வால்வுல ரத்தக்கட்டி வந்து மாட்டியிருக்கலாம், ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்பிடணும். இதை எனக்குச் சொன்னது வார்டுல இருந்த ஒரு நர்ஸ், டிஸ்சார்ஜ் பேப்பர்ல எங்கயும் எழுதல.

இப்ப ரத்தம் உறையாம இருக்கப் போடற மாத்திரை. எனக்கு அசிட்ரோம், சில பேருக்கு வார்ஃபரின் குடுப்பாங்க. ரெண்டுக்கும் ரத்தப் பரிசோதனை ஒண்ணுதான், பி.டி. ஐ.என்.ஆர்.னு சொல்வாங்க, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கற டெஸ்ட். சாதாரண ஆளுக்கு அது 1 கிட்ட இருக்கும். எனக்கு மைட்ரல் மெக்கானிக்கல் வால்வுங்கறதால 2.5ல இருந்து 3.5க்குள்ள இருக்கணும், இதயத்துல இன்னொரு வால்வான அயோர்டிக் வால்வை மாத்தினவங்களுக்கு பெரும்பாலும் 2ல இருந்து 3ன்னு சொல்வாங்க, உங்க அளவு என்னன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. குறைஞ்சா வால்வுல ரத்தம் கட்டும், அது பக்கவாதம் வரைக்கும் கொண்டு போகும். கூடினா உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். முதல்ல சில நாளுக்கு ஒரு தடவை, அப்புறம் வாரம், ரெண்டு வாரம், நிலையா ஆனதும் மாசம் ஒரு தடவை எடுக்கணும். அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல இலவசமாவே எடுத்துக்கலாம். எங்க எடுத்தாலும் ஒரே லேப்ல எடுங்க, லேப் மாறினா கொஞ்சம் வித்தியாசம் காட்டும், எது நிஜம்னு தெரியாம அளவை மாத்தி மாத்தி குழம்பிடும்.

மாத்திரையை சாயங்காலம் வச்சுக்கறது நல்லது. காலைல ரத்தம் குடுத்து மதியம் ரிசல்ட் வந்து, டாக்டர் அளவை மாத்தினா அன்னைக்கே மாத்திப் போட்டுடலாம். எனக்கு ஆறு மணி, போன்ல அலாரம் இருக்கு, அது போக சமையக்கட்டு காலண்டர்ல மாத்திரை போட்ட தேதிய சுழிச்சுடுவேன். மறந்து அன்னைக்கே ராத்திரி ஞாபகம் வந்தா போட்டுடலாம், மறுநாள்தான் ஞாபகம் வந்துச்சுன்னா ரெண்டா சேத்துப் போடக் கூடாது, வழக்கமான ஒண்ணு மட்டும் போட்டு நோட்டுல எழுதி டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

மெடிக்கல் ஷாப்ல ரொம்ப கவனம். இந்த மாத்திரை 1 மில்லிகிராம், 2, 3, 4ன்னு வருது, ஸ்ட்ரிப் பாக்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒரு தடவை ஒரு கடையில 1 கேட்டதுக்கு கூட்டத்துல 4 எடுத்துக் குடுத்துட்டாங்க. வீட்டுக்காரர் எப்பவும் பழைய ஸ்ட்ரிப்பையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு லைட் வெளிச்சத்துல அந்தச் சின்ன நம்பரைப் படிப்பாரு, அன்னைக்கு அப்படிப் படிச்சதாலதான் தெரிஞ்சுது, இல்லன்னா நாலு மடங்கு போட்டிருப்பேன். கடைசி மாத்திரை வரைக்கும் ஸ்ட்ரிப்ல பேரும் அளவும் இருக்கற பக்கத்தைக் கிழிக்காதீங்க. ஒரு வாரத்துக்காவது கையிருப்பு இருக்கணும், பொங்கல் தீபாவளிக்கு கடை பூட்டியிருந்தா என்ன பண்ணுவீங்க.

டெஸ்ட்டே வேண்டாத புது மாத்திரை வந்திருக்காமே, அதைப் போடலாமேன்னு தெரிஞ்சவங்க சொல்வாங்க. டாபிகாட்ரான், அபிக்ஸபான் இதெல்லாம் வேற நோய்களுக்கு நல்ல மருந்துதான், ஆனா மெக்கானிக்கல் வால்வுக்கு ஆகாது. டாபிகாட்ரானை மெக்கானிக்கல் வால்வு வச்சவங்களுக்குக் குடுத்துப் பாத்த ஆய்வை, ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் அதிகமாச்சுன்னு பாதியிலயே நிறுத்திட்டாங்க, 2013ல அது வெளியாச்சு. அதனால யார் சொன்னாலும் மாத்தாதீங்க.

சாப்பாட்டுல எல்லாரும் பயமுறுத்தறது கீரை. கீரையில வைட்டமின் கே இருக்கு, அது இந்த மாத்திரைக்கு எதிரா வேலை செய்யும், உண்மைதான். ஆனா கீரையே சாப்பிடக் கூடாதுன்னு இல்ல, ஒரே அளவா சாப்பிடணும். நான் வாரத்துல ரெண்டு நாள், ஒரு சின்னக் கரண்டி, அது எப்பவும் மாறாது. ஒரு மாசம் தொடாம இருந்துட்டு அப்புறம் ரத்தம் ஊறட்டும்னு தினமும் முருங்கைக்கீரை சூப் குடிச்சா ஐ.என்.ஆர். சரிஞ்சுடும். சொந்தக்காரங்க பாசத்தோட கொண்டு வர்ற பூண்டு லேகியம், நாட்டு மருந்துக் கஷாயம், ஆயுர்வேத சூரணம், மஞ்சள் கேப்சூல், ஆன்லைன்ல விக்கற இதய டானிக் எல்லாம் வாங்கி மரியாதையா அலமாரில வச்சுடுங்க, சாப்பிடாதீங்க. சமையல்ல போடற மஞ்சளும் பூண்டும் ஒண்ணும் பண்ணாது, மருந்தா அளவு கூடும்போதுதான் பிரச்சினை.

அதைவிட ஆபத்து நம்ம தெருமுனை கிளினிக். மூணாவது மாசம் வாக்குல எனக்கு வயித்துப்போக்கு வந்து பக்கத்துல ஒரு கிளினிக்குக்குப் போனோம். வால்வு ஆபரேஷன், அசிட்ரோம் சாப்பிடறேன்னு சொன்னேன், சீட்டையும் காட்டினேன், அங்க இருந்த டாக்டர் சரி சரின்னுட்டு மெட்ரோனிடசோல்னு ஒரு ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுத்தாரு, அது அசிட்ரோமோட வேலையைக் கூட்டிடும். மூணாவது நாள் காலைல பல் தேய்க்கும்போது துப்பினதெல்லாம் ரத்தம், நிக்கவே இல்ல. தொடையில அடியே படாம நீலமா ஒரு தடிப்பு. உடனே லேப்புக்கு ஓடினா ஐ.என்.ஆர். 6ஐத் தாண்டியிருக்கு. சென்னைக்கு போன் பண்ணினோம், அவங்க சொன்னபடி மாத்திரையை நிறுத்தி, திருச்சில பெரிய ஆஸ்பத்திரில காட்டி, மறுபடி மறுபடி டெஸ்ட் எடுத்துத்தான் அளவுக்கு வந்துச்சு. அதனால புதுசா எந்த மருந்து ஆரம்பிச்சாலும், குறிப்பா ஆன்டிபயாட்டிக், ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு கேட்டுட்டு ஆரம்பிங்க, நாலஞ்சு நாள்ல ஒரு ஐ.என்.ஆர். எடுத்துடுங்க. வலிக்கு பாராசிட்டமால் மட்டும், அதையும் நாள் கணக்கா போடணும்னா கேட்டுட்டு. வோவரான், புரூஃபன், காம்பிஃப்ளாம் பக்கமே போகாதீங்க. இடுப்புல ஊசியும் வேண்டாம், தசைக்குள்ள ரத்தம் கட்டிக்கும். ருமாட்டிக் நோய்க்கு மூணு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டுக்கிட்டு இருந்தேன், வால்வு மாத்தினாலும் அது நிக்காது, எனக்கு ஊசியை மாத்திரையா மாத்திக் குடுத்துட்டாங்க.

காய்ச்சல் பத்தி ஒரு விஷயம் நல்லா மனசுல வச்சுக்கோங்க. செயற்கை வால்வுல கிருமி உக்காந்துட்டா உயிருக்கே ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட் எடுக்கணும். 100.4க்கு மேல காய்ச்சல் வந்து ரெண்டு நாள் ஆகியும் விடலன்னா, குளிர் நடுக்கம் இருந்தா, ஆன்டிபயாட்டிக் போடறதுக்கு முன்னாடியே கல்ச்சர் எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்க. கடையில ரெண்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுட்டுப் போனா கிருமி கல்ச்சர்ல காட்டாம ஒளிஞ்சுக்கும், டாக்டர் தடுமாறுவாரு. இந்தக் கிருமி வாயில இருந்தும் ரத்தத்துக்குப் போகும், அதனால பல்லை சுத்தமா வச்சுக்கணும், பல் புடுங்க, கிளீன் பண்ணப் போனா ஒரு மணி நேரம் முன்னாடியே ஆன்டிபயாட்டிக் போட்டுக்கணும், அசிட்ரோமை நீங்களா நிறுத்திடக் கூடாது. முகம் ஒரு பக்கம் கோணினா, பேச்சு குழறினா, ஒரு கை திடீர்னு வலுவிழந்தா, தலையில அடிபட்டா (வெளிய காயமே தெரியலன்னாலும்), மலம் தார் மாதிரி கறுப்பாப் போனா, யோசிக்காம 108.

மாதவிலக்கு பத்தி யாரும் சொல்லல, நானே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இந்த மாத்திரைல ரத்தப்போக்கு அதிகமாகும், ரெண்டு மூணு மாசத்துல எனக்கு ஹீமோகுளோபின் இறங்கி, மூச்சு வாங்கறது வால்வாலன்னு நினைச்சு பயந்து எக்கோ எடுத்தா வால்வு நல்லா இருக்கு, ரத்தசோகைதான் காரணம். மகளிர் டாக்டர்கிட்டயும் காட்டுங்க, வால்வு விவரம் எழுதின கார்டையும் எடுத்துட்டுப் போங்க. இன்னும் குழந்தை பெத்துக்கற வயசுல இருக்கறவங்க, நாள் தள்ளிப்போறதுக்கு முன்னாடியே இதய டாக்டர்கிட்ட பேசிடணும், ஏன்னா இந்த மாத்திரை முதல் மூணு மாசத்துல கருவைப் பாதிக்கும், மாத்திரையை நாமளே நிறுத்தினா வால்வு அடைச்சுக்கும், ரெண்டுக்கும் நடுவுல அவங்கதான் வழி சொல்லணும். தாம்பத்தியம் எப்பன்னு கேக்கவும் நிறைய பேருக்குக் கூச்சம். ரெண்டு மாடிப்படி நிக்காம ஏற முடிஞ்சா இதயம் தாங்கும், ஆனா எலும்பு சேர்ற வரைக்கும் கையிலயும் நெஞ்சுலயும் கனம் விழக் கூடாதுன்னு எங்க டாக்டரே நேரா சொன்னாரு.

பாக்க வர்றவங்களை முதல் ஒரு மாசம் குறைங்க. எங்க அம்மா திண்ணையில உக்காந்து எல்லாருக்கும் அங்கயே காபி குடுத்து அனுப்பிடுவாங்க, சளி இருமல்னா வாசலோட சரி. சில பேரு கோவிச்சுக்கிட்டாங்க, பரவாயில்ல.

மூணு மாசம் முடிஞ்சு எக்கோ பாத்துட்டு தைக்க அனுமதி குடுத்தாங்க. மெஷின்ல பெடலுக்கு பதிலா மோட்டார் மாட்டிக்கிட்டேன், துணி வெட்டற டேபிளைக் குனியாத உயரத்துக்கு செங்கல் வச்சு ஏத்திட்டோம். ஊசி குத்தினா பத்து நிமிஷம் அழுத்திப் பிடிப்பேன், நின்னுடும். பர்ஸ்ல ஒரு கார்டு எப்பவும் இருக்கு: என் பேரு, வால்வோட பேரும் சைஸும் சீரியல் நம்பரும், எந்த இடத்து வால்வு, என்ன மாத்திரை, ஐ.என்.ஆர். எவ்வளவு இருக்கணும், பென்சிலின் அலர்ஜி இல்ல, ஆஸ்பத்திரி நம்பர், வீட்டுக்காரர் நம்பர். அதோட போட்டோவை வீட்ல எல்லார் போன்லயும் போட்டு வச்சிருக்கோம். ஸ்கேன் எடுக்கப் போனாலும், பல் டாக்டர்கிட்ட போனாலும், முதல்ல அந்தக் கார்டைத்தான் எடுத்து நீட்டுவேன்.